படம் கீறினவரின் காலடி எதுவரை போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில், கொட்டியாரப்பற்றுக் காட்டுக்குள் தூர்ந்துபோன குளங்களைத் தேடி நடக்கப்போகும் ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக இருந்தது, இரண்டாம் தரம் வயிற்றைக் கலக்கியது. காரணம் கட்டுரையோடு போட்டிருந்த படம்தான். ஒல்லாந்தர் காலத்து வரைபடம் ஒன்றின் போட்டோக்கொப்பியை மேசையில் விரித்து, கரையிலிருந்து உள்ளுக்குச் சிவப்புப் பேனையால் நேராக ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அதுதான் போகிற வழியாம். தம்பிமாரே, அந்தக் கோட்டை எத்தனை ஆறு குறுக்கே வெட்டுகிறது என்று உங்களில் ஒருவராவது எண்ணிப் பார்த்தீர்களா?

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் திருகோணமலையில் ஒரு லைசன்ஸ் சேர்வேயரிடம் சங்கிலி இழுக்கிற ஆளாகச் சேர்ந்தவன். அறுபத்தாறு அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி, அப்படி எண்பது சங்கிலி இழுத்தால் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல். அந்தக் கணக்கு இன்றைக்கும் காலில் இருக்கிறது, கடைக்குப் போனாலும் எண்ணிக்கொண்டுதான் நடக்கிறேன். படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் படம் வாசிக்கத் தெரியும், அதைச் சொல்லித்தந்தவர் அந்தச் சேர்வேயர் ஐயாதான்.

பழைய படம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என்னிடமே ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கிறது, வீட்டுக்காரி அதை என் சீதனம் என்பாள். போர்க்காலத்தில் முப்பது வருடம் ஆள் போகாமல் காடு மூடிவிட்ட இடங்களுக்குப் போவதென்றால் பழைய படத்தை விட்டால் வேறு துணையும் இல்லை. எந்த ஊர் எங்கே இருந்தது, எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்தது, வண்டில் எந்தப் பக்கத்தால் போனது என்பதெல்லாம் அங்கேதான் பதிந்து கிடக்கிறது. ஆனால் எந்தப் படத்தையும் கையில் எடுத்தவுடன் ஐயா கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. இதைக் கீறினவர் எதுவரைக்கும் தன் காலால் நடந்தார், எங்கே நின்றுகொண்டு மற்றவர் சொன்னதைக் கேட்டுக் கீறினார்?

உங்கள் கையிலுள்ள ஒல்லாந்தர் படத்துக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒல்லாந்தரின் வியாபாரக் கம்பனிக்குத் தேவைப்பட்டது துறைமுகமும் கோட்டையும் கப்பல் ஒதுங்க இடமும். அதனால் அந்தக் காலப் படங்களில் கரையோரம் நுணுக்கமாக இருக்கும், கடலுக்குள் ஆழ எண்கள் நெருக்கமாகக் கிடக்கும் (நம் மீனவர்கள் சொல்கிற பாகக் கணக்கும் கடற்படத்துக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆறடி). கரையைத் தாண்டியதும் நாலு மரம், இரண்டு மலை, ஒரு ஆற்றின் வளைவு, அவ்வளவுதான். அந்த மரமும் மலையும் வெள்ளைத் தாளை நிரப்பப் போட்டவை. அந்த மலையைக் குறிவைத்து நடந்தால் கடைசிவரை மலை வராது. பிரெஞ்சுக்காரர் பெல்லின் 18ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட திருகோணமலைக் குடாவின் படத்தையும் கப்பல்காரன் கண்ணால்தான் பார்க்கவேண்டும். அதே பெல்லின் 1744இல் வெளியிட்ட வட அமெரிக்கப் படத்தில் சுப்பீரியர் ஏரிக்குள் இல்லாத தீவுகளைப் போட்டுவைக்க, 1783இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே எழுதிய சமாதான ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு தீவு எல்லைக் குறியாக ஏறிவிட்டது. இல்லாத தீவை வைத்து நாடு பிரித்தார்கள் என்றால் பாருங்கள்.

ஒல்லாந்தர் விஷயத்தில் நான் ஒன்று சொல்லலாமென்றால், படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாட்குறிப்பைத் தேடுங்கள். 1786இல் திருகோணமலையில் தலைமை அதிகாரியாக இருந்த வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்று என்று இந்த மாவட்டத்தைச் சுற்றி வந்து நாளுக்கு நாள் எழுதிவைத்திருக்கிறார். நடந்தவர் எழுதியது அது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அங்கே ஜனங்கள் எப்படி, வயல் எப்படி என்று வரிசை பிடித்துப் போகலாம். நீங்கள் சிவப்புக் கோடு போட்ட படத்தைவிட உங்களுக்கு அதுதான் கூடுதலாக உதவும். நெதர்லாந்தில் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகம் கம்பனிக் காலப் படங்களை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. பஸ் ஏறிப் போவதற்கு முன் இந்த இரண்டு வாசலையும் தட்டியிருக்கலாம்.

மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் ரொபேர்ட் நொக்ஸின் நினைவுக்கல்லைப் பார்க்காமல் வரமாட்டார்கள். 1660இல் பாய்மரம் போன கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 19 வருடத்துக்கு மேல் கண்டி நாட்டுக்குள் கிடந்த ஆங்கிலேய மாலுமி. தப்பிப் போய் 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார், அதில் ஒரு படமும் உண்டு. அந்தப் படத்தை ஆறுதலாகப் பாருங்கள். தான் சீவித்த, வியாபாரம் செய்து திரிந்த கண்டிப் பக்கத்தில் பெயர்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். வடக்கே வரவர ஐதாகும். கடைசியில் ‘கொய்லட் வன்னியாவின் நாடு’ என்று நீட்டி எழுதிவிட்டு விட்டுவிடுவார். நம் ஆட்களுக்கு அது வன்னியை ஆண்ட கைலை வன்னியன் என்று உடனே விளங்கும். அத்தனை பெரிய நாடு அவர் தாளில் ஒரு வரியாகச் சுருங்கிப்போனது, அங்கே ஊரோ குளமோ இல்லாததால் அல்ல, அவர் அந்த வழியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரேயொரு தரம் போனதால்.

அவர் தப்பின விதம் இன்னும் விசேஷம். கையில் படம் என்று ஒரு துண்டுகூட இல்லை. பல வருடம் சில்லறைச் சாமான் சுமந்து விற்கப்போன சாக்கில் ஒவ்வொரு ஊராக வடக்கே தள்ளித் தள்ளிப் போய், அடுத்த ஊர் எது, தண்ணீர் எங்கே, காவல் எங்கே என்று வாய்ப்பேச்சிலேயே விசாரித்து வைத்திருந்தார். கடைசியாக 1679இல் அவரும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியும் அனுராதபுரம் வரை வந்து, காய்ந்த இறைச்சி வாங்க வந்தவர்கள் போல நடித்து, அங்கிருந்து மல்வத்து ஓயா என்ற ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஒக்டோபரில் மேற்குக் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு கடலுக்குத்தான் போகும் என்ற ஒன்றைத்தான் அவர்கள் கடைசியில் நம்பினார்கள். நீங்கள் ஐந்து பேரும் போனில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வதென்று யோசித்திருக்கிறீர்களா தெரியாது. எங்கள் ஐயா சொல்வது, வழி தவறினால் மேட்டைத் தேடாதே, நீரோட்டத்தைத் தேடு என்று. மகாவலி கொட்டியாரக் குடாவில் ஒரு வாயாலும் வெருகல் ஆறாக இன்னொரு வாயாலும் கடலுக்குப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று தெரிந்தாலே பாதிக் கவலை தீரும்.

படத்தில் வெறுமையாகக் கிடக்கிற இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கண்டி அரசர்கள் பாதையை அகலப்படுத்த விடவில்லை, வழிகளில் முட்கதவு போட்டுக் காவல் வைத்தார்கள் என்று நொக்ஸே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் வெள்ளைக்காரன் படத்தில் உள்நாடு வெறுமையாக இருந்தது உள்ளே இருந்தவர்களின் விருப்பம். இதன் பலனை 1804இல் ஆர்தர் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்டன் அனுபவித்தார். ஆறு பக்கத்தால் ஆறு படை கண்டிக்குப் போவதாகத் திட்டம். பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள், ஆனால் இவருக்குப் போன கட்டளை குழப்பமாக இருக்க, முந்நூறு பேரளவில் கூட்டிக்கொண்டு செப்டெம்பரில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, சண்டை போட்டுப் போட்டுக் கண்டிவரை போய்விட்டார். போய்ப் பார்த்தால் மற்ற ஐந்து படையும் இல்லை. அங்கிருந்து திரும்பி, காயக்காரர்களோடும் காய்ச்சல்காரர்களோடும் ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் நம் திருகோணமலை. துவக்கும் கட்டளையும் வைத்திருந்தவர்களே நம்பத்தகுந்த படம் இல்லாமல், பிடித்துவந்த வழிகாட்டிகளை நம்பி, அந்தக் காட்டைக் கடக்கப் பட்ட பாட்டை அவர் 1810இல் புத்தகமாகவே போட்டிருக்கிறார். காட்டுப் பயணம் போகிற ஆட்கள் அதை வாசிக்கவேண்டும், நம் ஊர்க்காரர்கள் இரண்டு தரம் வாசிக்கவேண்டும்.

இதைச் சொன்னால் என் மருமகன் சிரிக்கிறான். மாமா, இப்ப எல்லாம் போனில் இருக்கு, வானத்திலிருந்து எடுத்த படம், பொய்யே வராது என்கிறான். சரி, அவனுக்குச் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டி ஐலண்ட் என்று ஒரு தீவு, 1876இல் ஒரு கப்பல்காரர் கண்டதாகச் சொன்னது, நூறு வருடத்துக்கு மேலாகக் கடற்படங்களில் இருந்து, அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள்ளும் ஏறி, கூகிள் படத்திலும் கறுப்பாக நீளமாகத் தெரிந்துகொண்டிருந்தது. 2012இல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அந்த இடத்துக்கே போனது. ஆயிரக்கணக்கான அடி ஆழத் தண்ணீர், தீவும் இல்லை ஒன்றும் இல்லை. ஆபிரிக்காவிலும் இப்படித்தான். மங்கோ பார்க் என்ற பயணி தூரத்தில் கண்டதாகச் சொன்ன மலைகளை வைத்து, 1798இல் ரெனல் என்ற பெரிய படக்காரர், நைஜர் ஆறு கிழக்கே ஓடுகிறதென்றால் தெற்கே மலைத்தொடர் இருக்கத்தானே வேண்டும் என்று நியாயம் பண்ணி ‘கொங் மலைகள்’ என்று நீட்டிக் கீறிவிட்டார். பிறகு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துக் கீற, 1880களின் கடைசியில் பிஞ்சே என்ற பிரெஞ்சு அதிகாரி நடந்துபோய் மலை இல்லை என்று சொல்லும்வரை தொண்ணூறு வருடமளவு அந்த மலை நின்றது. ரெனல் சும்மா ஆள் இல்லை, வங்காளத்தை அளந்தவர். அளந்ததை அளந்தபடி போட்டிருக்கிறார், யோசித்ததையும் அதே மையால் போட்டுவிட்டார், அதுதான் பிழை.

காலால் அளந்தவர் என்றால் எனக்கு இந்திய நில அளவைக்காரருக்கு வேலைசெய்த நயின் சிங் ஞாபகம்தான் வரும், சங்கிலிக்காரன் புத்தி. 1865, 66இல் வெளியாள் போகமுடியாத திபெத்துக்குள் யாத்திரிகன் வேஷத்தில் போனார். நூற்றெட்டு மணி இருக்கவேண்டிய ஜெபமாலையில் நூறு மணி, நூறு காலடி வைத்தால் ஒரு மணி தள்ளுவது. இரண்டாயிரம் காலடி ஒரு மைல் என்று பழகிய கால். பார்க்கிறவனுக்கு மந்திரம் ஜெபிக்கிற ஆள். குறிப்புத்தாள் ஜெபச்சக்கரத்துக்குள், உயரம் பார்க்கத் தண்ணீர் கொதிக்கிற சூடு. அப்படி எடுத்த படத்தை வைத்துத்தான் பிறகு போனவர்கள் பயணம் திட்டமிட்டார்கள். உங்களில் ஒருவராவது தன் காலடி எத்தனை ஒரு கட்டைக்கு என்று ஓர் ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி றோட்டில் நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். காட்டுக்குள் அதைவிடக் கூடும், காலடி குறுகும். ஆனாலும் நாலு கட்டை வந்துவிட்டோமா இரண்டுதானா என்று சண்டை வராது.

நான் பிழைவிட்ட கதையையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. எண்பதுக்கு முன்பு ஒரு கச்சான் காலம், கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்கள். நானும் இரண்டு கூட்டாளிமாரும் லீவு நாளில் இதேபோல ஒரு கைவிட்ட குளம் பார்க்கப் புறப்பட்டோம். கையில் ஒன்-இஞ்ச் சீட், அதாவது ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், முழுத் தீவும் 72 தாளில். சேர்வேயர்கள் நடந்தே எடுத்து 1924இல் முடித்த வேலை, இன்றைக்கும் அதற்கு நான் கும்பிடு போடுவேன். சீட்டில் குளம் இருந்தது, கட்டு இருந்தது, வண்டில் பாதை இருந்தது, பாதி வழியில் ஒரு மோட்டை நீல நிறத்தில் இருந்தது. ஐந்து கட்டை, காலையில் போய் மத்தியானம் திரும்பலாம் என்று ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் மட்டும். வண்டில் பாதை போய்ச்சேர்ந்த ஊரே எழும்பிப் போய்விட்டிருந்ததால் பாதையை முள் மூடியிருந்தது. திசைகாட்டியை வைத்து நடந்தோம். மோட்டைக்குப் போனால் வெடித்த சேறு. அங்கே தேன் எடுக்க வந்த ஒரு கிழவர், வெருகல் பக்கத்து வேடர், எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. “கச்சானுக்குள்ள மோட்டையில தண்ணி தேடுறயா மனே? மடுவுக்கல்லோ போகணும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மோட்டை என்றால் மாரித் தண்ணீர் தேங்குகிற பள்ளம், மடு என்றால் ஆற்றில் ஆழமான இடம், கச்சானிலும் வற்றாது. வில்லு என்றால் ஆறு பெருகி நிரப்புகிற தாழ்நிலம். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் சீட்டில் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அது ஒரு பெயர் என்று மட்டும் கண்ணுக்குப் பட்டது, சொல் என்று மூளைக்கு ஏறவில்லை. அன்றைக்கு அவர்தான் எங்களை மடுவுக்கும் கூட்டிப்போய்க் குளத்துக்கும் கூட்டிப்போனார். குளத்துக்கு என்றால், நாங்கள் ஏற்கெனவே அதன் கட்டின் மேல் ஏறி இறங்கிப் போயிருக்கிறோம், மரம் மண்டியிருந்ததால் ஏதோ மேடு என்று நினைத்துவிட்டோம். துருசுக் கல்லை, அதாவது மதகுக் கல்லை, அவர் காட்டின பிறகுதான் விளங்கியது. இரவு அந்தக் கட்டிலேயே நெருப்பு மூட்டிக்கொண்டு இருந்தோம். தண்ணீருக்கு வந்த யானைக் கூட்டம் கீழே கிளை முறிக்கிற சத்தம் விடியும்வரை கேட்டது.

அதனால்தான் சொல்கிறேன், பழைய படத்திலுள்ள பெயர்களை வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கில எழுத்தில் தம்பிலேகம் என்று கிடப்பது தம்பலகாமம் என்று வாய்க்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மோட்டை, மடு, வில்லு, முனை, களப்பு, கட்டு என்று முடிகிற ஒவ்வொரு பெயரும் தண்ணீரையும் தரையையும் பற்றிய செய்தி. ஆர். எல். புரோகியர் முப்பதுகளில் இந்த நாட்டின் பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினாரே, அவரும் சேர்வேயர்தான், தாளையும் தரையையும் ஒருசேர வாசிக்கத் தெரிந்தவர். இந்தப் பெயர்களை வைத்து யாருடைய நிலம் என்று வாதாடுகிற சண்டை ஒன்று நம் மாவட்டத்தில் நடக்கிறது, எனக்கும் அதில் கருத்து இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். நாங்கள் அளக்கப் போவதெல்லாம் கச்சானில்தான், மாரியில் யாரும் சங்கிலி தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவதில்லை. பழைய படத்தில் ஆற்றுக்குக் குறுக்கே பாதை கண்டால் அது தண்ணீர் இல்லாத காலத்துப் பாதை என்று எடுங்கள். பழைய சீட்டின் கணக்கை அப்படியே போனில் அடித்தால் புள்ளி நூற்றுக்கணக்கான அடி தள்ளி விழும், அது நீர்கொழும்புக்குக் கிட்டவுள்ள கந்தவளையை ஆதாரமாக வைத்த பழைய கணக்கு, போனுடையது வேறு. மாற்றித்தர நில அளவை படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேளுங்கள். வானத்துப் படத்தையும் சேர்த்தே பாருங்கள், கட்டு நேராகப் போன மரவரிசையாகச் சில இடங்களில் தெரியும், அடர்ந்த காட்டுக்குள் தெரியாது. வனத் திணைக்களத்திடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் அனுமதி இல்லாமல் கால் வைக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பழைய படத்திலும் கண்ணிவெடி கிடையாது. அந்தப் பக்கம் அகற்றி முடித்த இடமா என்று உத்தியோகபூர்வமாகக் கேட்டுக்கொள்ளாமல் போகிறீர்கள் என்றால் நான் இந்தக் கடிதம் எழுதினதே வீண்.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கிறேன். மூதூர், கிளிவெட்டி, கங்குவேலி, ஈச்சிலம்பற்று, வெருகல், அந்தப் பக்கம் திரியாய், தென்னமரவாடி என்று உங்கள் பத்திரிகை போகிற ஊர்களில் எழுபது, எண்பது வயது ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் ஊரைச் சுற்றியுள்ள குளம், மோட்டை, மடு, வில்லு எல்லாவற்றின் பெயரையும், எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வாரம் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். சீட்டில் ஏறாத பெயர்கள்தான் கூட. அந்தத் தேன் எடுக்கிற கிழவர் எங்களை மடுவுக்குக் கூட்டிப்போன வழியில் மட்டும் ஏழு பெயர் சொன்னார், ஆறு எனக்கு ஞாபகம், பென்சிலால் சீட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஏழாவது இடத்தில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. அந்த ஐந்து தம்பிமாருக்கும் சீட்டைக் கொப்பி எடுக்கத் தருகிறேன், அவர்கள் அந்த வழியால் போனால் யாரிடமாவது கேட்டுக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
பழைய சங்கிலிக்காரன் ஒருவன்,
திருகோணமலை.